கிளிமூக்கு எழுத்துரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிமூக்கு என்பது பெயர்ப்பலகை, நோட்டீஸ் தலைப்பு, பேனர் போன்ற பெரிய எழுத்து வேலைகளுக்கென்று நான் வரைந்த தடித்த தமிழ் எழுத்துரு. கிருஷ்ணகிரியில் முதலில் பிரஷ் பிடித்து போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். பிளெக்ஸ் வந்து அந்தப் பிழைப்பு படுத்த பிறகு டிடிபி வேலைக்கு, அதாவது அச்சுக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வேலைக்கு, மாறினேன். கோப்பை வாங்கிப் போனவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை முடிந்தவரை கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே விட்டிருக்கிறேன்.

மாங்காய்ப் பெயரை எழுத்துக்கு ஏன் வைத்தீர்கள்?

எங்கள் பக்கத்தில் கிளிமூக்கு என்றால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பெங்களூரா என்றும் சொல்வோம், வெளியூர்க்காரர்களுக்கு அது தோத்தாபுரி. நீளமாக, நுனியில் கிளியின் அலகு போல வளைந்திருக்கும். சீசனில் மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு லோடு லோடாகப் போகிற காய் அது.

தட்டைப் பிரஷ்ஷால் 'ர' எழுதும்போது கடைசிக் காலைக் கீழே இழுத்து, பிரஷ்ஷைத் தூக்குவதற்கு முன்னால் விரலுக்குள் லேசாக உருட்டினால், நுனியில் ஒரு சின்னக் கொக்கி விழும். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மாஸ்டர் அதை 'மூக்கு' என்பார். "மூக்கு இல்லாட்டி எழுத்து பொணம்டா" என்று திட்டுவார். இந்த எழுத்துருவில் ர, ற, ழ, ஏ நான்கிலும் அந்த மூக்கு இருக்கிறது. முதல் மாதிரியைப் பார்த்த ஒரு மாங்காய் மண்டிக்காரர், "என்னப்பா இது, நம்ம காய் மாதிரியே இருக்கு" என்றார். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

இது கையால் எழுதியதா, கம்ப்யூட்டரில் வரைந்ததா?

இரண்டும். சார்ட் பேப்பரில் 1 அங்குலத் தட்டைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு எழுத்தையும் ஐந்தாறு முறை எழுதி, அதில் தேறியதைப் படமெடுத்து, இங்க்ஸ்கேப்பில் கோடாக மாற்றி, ஃபான்ட்ஃபோர்ஜில் எழுத்துருவாகக் கட்டினேன். இரண்டுமே இலவச மென்பொருள்கள்.

முதல் தடவை ஒரு தப்புச் செய்தேன். பிரஷ் போன வழியில் இருந்த எல்லா நடுக்கத்தையும் அப்படியே விட்டேன். கையால் எழுதியது போலத் தெரியட்டும் என்ற ஆசைதான். அச்செடுத்துப் பார்த்தால் காய்ச்சல்காரன் எழுதியது போல இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: போர்டு எழுதுகிறவன் கை நடுங்காது. சாக்பீஸ் தூள் தடவிய நூலை மேலே ஒன்று, கீழே ஒன்று தட்டிக் கோடு போட்டுவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவான். மேல்வரியும் அடிவரியும் கணக்காக இருக்கும். மாறுவது வேறு: எழுத்தின் அகலம், கோடு முடியும் நுனி, இரண்டு கோடு சேரும் இடத்தில் ஏறும் தடிமன். செங்குத்துக் கோடு அடியில் சற்றுப் பருக்கும், ஏனென்றால் பெயிண்ட் அங்கே வந்து தேங்குகிறது. இரண்டாவது தடவை மேலும் கீழும் நூல் தட்டியது போல நிறுத்திவிட்டு, இந்த மூன்றை மட்டும் ஆட விட்டேன். அப்போது சரியாக வந்தது.

ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடாதா?

நல்ல கேள்வி, பாதி வேலை அதற்கே போனது. கையால் எழுதுகிறவன் இரண்டு 'க'வை ஒரே மாதிரி எழுதமாட்டான். எழுத்துருவில் இரண்டும் அச்சு அசலாக இருந்தால், பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ ஏமாற்று என்று கண் கண்டுபிடித்துவிடும்.

ஆங்கிலத்தைவிடத் தமிழில் இது பெரிய தொல்லை. நம் மொழியில் ஒற்றும் அதே இன உயிர்மெய்யும் ஒட்டி ஒட்டி வரும். தக்காளி, முட்டை, எண்ணெய், கத்தரிக்காய், வெல்லம்: மளிகைக்கடைப் பலகை முழுக்க இரட்டிப்புதான். சோதனைக்கு நான் எடுத்துக்கொண்ட சொல் பாப்பிரெட்டிப்பட்டி. தருமபுரி மாவட்டத்து ஊர், பஸ் போர்டில் பார்த்திருப்பீர்கள். மொத்தம் 10 எழுத்து. எண்ணிப் பாருங்கள்: பா, ப், பி, ரெ, ட், டி, ப், ப, ட், டி. 'ரெ' ஒன்றைத் தள்ளினால் மீதி 9-ம் ப குடும்பம் அல்லது ட குடும்பம். அதுவும் இரண்டும் நேர்கோட்டு எழுத்துகள். 'ப' மூடி இல்லாத ஒரு பெட்டி, 'ட' அதில் பாதி. ஒளிந்துகொள்ள ஒரு வளைவுகூடக் கிடையாது. எந்தக் 'கையெழுத்து' எழுத்துருவையும் சோதிக்க வேண்டுமானால் இந்த ஊர்ப் பெயரை அடித்துப் பாருங்கள், பத்து நொடியில் சாயம் வெளுத்துவிடும்.

இதற்காக 'ப'வுக்கு நான்கு வடிவம் வரைந்தேன். ஒன்றில் இடக்கால் வலக்காலைவிட நூலளவு குட்டை. ஒன்றில் அடிக்கோடு வலப்பக்கம் கொஞ்சம் வெளியே நீட்டியிருக்கும். ஒன்று சற்றே ஒடுக்கம். நான்காவது மூன்று பக்கமும் ஒழுங்காக இருக்கும், ஏனென்றால் நல்ல ஓவியர் கையில் நடுநடுவே அப்படியும் ஒன்று விழும். 'ட'வுக்கு மூன்று வடிவம். எந்த வடிவம் எங்கே வரவேண்டும் என்பதை எழுத்துருக் கோப்புக்குள்ளேயே எழுதி வைத்த ஓப்பன்டைப் விதி பார்த்துக்கொள்கிறது. பக்கத்தில் ஏற்கெனவே ஒரு 'ப' இருந்தால் அடுத்ததற்கு வேறு வடிவத்தை எடுக்கும். நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். மென்பொருளில் 'சூழல் மாற்று' (Contextual Alternates) வசதி அணைத்து வைக்கப்பட்டிருந்தால் மட்டும் இது வேலை செய்யாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

247 எழுத்தையும் வரைந்தீர்களா?

வரையத் தேவையில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, ஆக 31. புள்ளி வைத்த மெய், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஒவ்வொன்றும் 18 வீதம் 90. மொத்தம் 121. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, ஔகாரக் குறி ஆகிய ஐந்தும் சேர்ந்தால் 126. மற்ற உயிர்மெய்கள் இவற்றைப் பக்கத்தில் வைத்தே உருவாகிவிடும். கிரந்தத்தில் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்துக்கும் ஆறு ஆறு வடிவம், அது 30. ஸ்ரீ ஒன்று. 157 என்று கணக்கை முடிக்கலாம். இதற்கு மேல் நான் சொன்ன மாற்று வடிவங்கள், எண்கள், ₹ குறி, நிறுத்தக்குறிகள்.

கிரந்தம் எதற்கு என்று ஒருவர் கோபமாகக் கேட்டார். கிருஷ்ணகிரியை ஷ் இல்லாமல் எழுத அவர் தயார்தான், அவர் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் தயாராக இல்லை.

'ண' மட்டும் ஏன் இவ்வளவு அகலம்? அசிங்கமாக இருக்கிறதே?

மூன்று சுழி இருக்கிறதே, அதனால். தடித்த தமிழ் எழுத்து வரைகிறவர்கள் எல்லோரும் வந்து முட்டிக்கொள்ளும் சுவர் இந்த எழுத்துதான். 'ப', 'ட' எவ்வளவு தடித்தாலும் தாங்கும். 'ண'வில் கோடு தடிக்கத் தடிக்க உள்ளே இருக்கும் வெள்ளை நிரம்பிக்கொண்டே வரும். ஓர் அளவைத் தாண்டினால் மூன்று சுழி இரண்டு சுழியாகத் தெரியும். 'திருமண மண்டபம்' என்று அடித்து, சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். சுழி அடைத்திருந்தால் 'திருமன' என்று படிக்கும். கல்யாணக்காரர்களுக்குப் பரவாயில்லை, தமிழாசிரியர் யாராவது விருந்துக்கு வந்திருந்தால் சாப்பாடு முடியும்வரை அதையே பேசுவார்.

பிரஷ்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். முதல் சுழியைப் பெரிதாகவும் நடுச் சுழியைச் சின்னதாகவும் போட்டு, சுழிக்குள் போகும் கோட்டை மட்டும் பிரஷ்ஷின் ஓரத்தால் மெல்லியதாக இழுப்பார்கள். வெளிக்கோடு தடித்தே இருக்கும். நானும் அதைத்தான் செய்தேன். கூர்ந்து பார்த்தால் ண, ன, ஞ, ஐ நான்கிலும் உட்கோடு வெளிக்கோட்டில் பாதிக்கும் சற்று அதிகமான தடிமன்தான். தள்ளி நின்று பார்க்கும்போது அது தெரியாது, சுழி மட்டும் தெரியும். அகலத்தைக் குறைக்க ஒரு வாரம் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அகலமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

புள்ளி ஏன் இவ்வளவு பெரிசு?

பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே வைக்கமாட்டார்கள். குத்தினால் ஓலை கிழியும், படிக்கிறவர் இடம் பார்த்துப் படித்துக்கொள்வார். பஸ்ஸில் போகிறவருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

நான் பிரஷ் பிடித்த காலத்தில் ஒரு பல் வைத்தியருக்கு 'இங்கு பல் கட்டப்படும்' என்று தகரப் பலகை எழுதிக் கொடுத்தேன். புள்ளியைச் சிறியதாக, நாசூக்காக வைத்தேன். ஒரே மழைக்காலத்தில் அது உரிந்து போய்விட்டது. 'இங்கு பல கட்டப்படும்.' கூரை கட்டவும் கொட்டகை போடவும் ஆள் கேட்டு வந்தார்கள் என்று அவர் சொன்னதில் எவ்வளவு நிஜம் என்று தெரியாது, ஆனால் எழுத்துக்கூலியில் பாக்கியை அவர் தரவே இல்லை. அன்றிலிருந்து என் புள்ளி பெரியது.

பழைய 'யானைத் துதிக்கை' லை உண்டா?

உண்டு. 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் ணை, லை, ளை, னை நான்கும் துதிக்கை தூக்கியபடிதான் இருக்கும். ணா, றா, னாவும், அவற்றின் ஒகர ஓகார வரிசையும் சேர்ந்து மாறியவை மொத்தம் 13 எழுத்துகள். பெரியார் 1935-லேயே தம் 'குடிஅரசு' இதழில் மாற்றி அச்சிட ஆரம்பித்துவிட்டார், அரசு வந்து சேர 40 வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் பழையதற்கென்று தனி எண் கிடையாது. அதே 'லை'தான், உருவம் மட்டும் வேறு. எனவே பழைய வடிவங்களை 'மாற்றுத் தொகுப்பு 1' (Stylistic Set 1) என்ற இடத்தில் வைத்திருக்கிறேன். மென்பொருளில் அதை இயக்கினால் மாறிவிடும். பழைய சினிமா போஸ்டர் மாதிரி வேண்டும் என்கிறவர்களுக்கு அருமையாகப் பொருந்தும். பள்ளிக்கூடப் பலகைக்குப் போடாதீர்கள், குழந்தைகளுக்கு அது என்ன எழுத்து என்றே தெரியாது.

'கொய்யா' என்று அடித்தால் எழுத்து உடைந்து, நடுவில் புள்ளி வட்டம் வருகிறது. எழுத்துரு கெட்டுப்போய்விட்டதா?

இல்லை, உங்கள் மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, அப்புறம் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். திரையில் கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை நடக்காவிட்டால் கொம்பு அநாதையாக நின்று, பக்கத்தில் புள்ளி வட்டத்தைக் காட்டும். கொய்யா, மொச்சை, கேழ்வரகு என்று கொம்பு உள்ள சொற்கள் எல்லாம் சிதறும்.

ஃபோட்டோஷாப், இன்டிசைன் இரண்டிலும் 'வேர்ல்டு ரெடி' என்றோ 'சவுத் ஏசியன்' என்றோ ஒரு அமைப்பு இருக்கும். அதை இயக்கினால் சரியாகிவிடும். பழைய கோரல்டிராவில் முட்டி மோத வேண்டாம். லிப்ரே ஆபிசிலோ இங்க்ஸ்கேப்பிலோ அடித்து, எழுத்தைக் கோடாக மாற்றி எடுத்துப் போய் அங்கே ஒட்டுங்கள்.

இன்னொன்று. நம் ஊர் டிடிபி கடைகளில் இன்னும் பலர் பாமினி போன்ற, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த பழைய குறியாக்கத்தில்தான் அடிக்கிறார்கள். அதில் அடித்த கோப்பை அப்படியே கிளிமூக்குக்கு மாற்றினால் சரமாரியாக ஆங்கில எழுத்துகள்தான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு இணையத்தில் இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் படித்துப் பாருங்கள்.

பேனர் அகலத்துக்கு எழுத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது.

10 அடிக்கு 4 அடி பேனர். 'காவேரிப்பட்டணம்' என்று பெரிதாக வேண்டும். கடைப் பையன் சொல்லை அடித்து, ஓரத்தில் இருக்கும் கட்டத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்து நிரப்புகிறான். என்ன நடக்கிறது? செங்குத்துக் கோடுகள் தடிக்கின்றன, படுக்கைக் கோடுகள் அப்படியே நிற்கின்றன. வட்டப் புள்ளி முட்டையாகிறது. பிரஷ்ஷால் அப்படி ஒரு கோடு இழுக்கவே முடியாது, அதனால்தான் கண்ணுக்கு உறுத்துகிறது. உயரவாக்கில் இழுத்தால் இன்னும் மோசம், எழுத்தெல்லாம் பட்டினி கிடந்தது போல ஆகிவிடும்.

இடம் மிஞ்சுகிறதா, மிஞ்சட்டும். வெற்றிடத்துக்கும் சேர்த்துத்தான் வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார் என்று எங்கள் கடையில் சொல்வேன், பாதிப் பேர் நம்பமாட்டார்கள். இல்லையென்றால் எழுத்துகளுக்கு இடையில் இடைவெளியைக் கூட்டுங்கள், தடித்த தமிழ் எழுத்துக்கு அது நல்லதுதான். அதுவும் போதாவிட்டால் சொல்லை இரண்டு வரியாக உடையுங்கள். பழைய போர்டு ஓவியர் இடம் பத்தாதபோது கடைசி இரண்டு எழுத்தை ஒடுக்கி எழுதுவார், அதற்காகவே ம், ல், ர் மூன்றுக்கும் ஒடுங்கிய வடிவம் வைத்திருக்கிறேன். மாற்றுத் தொகுப்பு 2.

எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும்?

பலகைத் தொழிலில் பொதுக் கணக்கு 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். 100 அடியிலிருந்து தெரிய வேண்டுமென்றால் 10 அங்குலம். தமிழுக்கு நான் கொஞ்சம் கூடுதலாகவே வைப்பேன், சுழி எழுத்து உள்ள சொல் என்றால் இன்னும் கொஞ்சம். பெங்களூரு நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவருக்கு 'தாபா', 'டீ' தவிர வேறெதுவும் எழுதிப் பயனில்லை என்பது என் கருத்து.

எருது விடும் விழாவில் மாட்டின் கொம்பில் கட்டும் தட்டிக்கு இதைப் பயன்படுத்தலாமா என்று ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார். தாராளமாக. இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் போடாதீர்கள், மாடு நிற்காது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் போடலாமா?

ஐயா, வேண்டாம்.

என் கடையிலேயே நடந்தது. ராத்திரி 11 மணிக்கு வந்து, காலையில் போஸ்டர் ஒட்ட வேண்டும் என்றார்கள். அவசரத்தில் முந்தைய வேலையின் கோப்பைத் திறந்து, படத்தையும் பெயரையும் மாற்றினேன். முந்தைய வேலை ஒரு காதுகுத்து. எழுத்துருவை மாற்ற மறந்துவிட்டேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டு சுவரில் 'இமயம் சரிந்தது' என்ற வரி குண்டு குண்டாக, மூக்கை ஆட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. இறந்தவரின் மகன் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய அத்தை கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கடை திறப்பு, பொங்கல் விளையாட்டுப் போட்டி, மாங்காய் மண்டி, பானிபூரி வண்டி, குழந்தைகள் புத்தக அட்டை: இதெல்லாம் இதன் ஊர். கல்யாணப் பத்திரிகையில் வேண்டுமானால் மேலுறையில் மணமக்கள் பெயருக்கு மட்டும். வக்கீல் போர்டு, ஆஸ்பத்திரி போர்டு வேண்டாம்.

நோட்டீஸ் முழுக்க இதிலேயே அடிக்கலாமா?

இரண்டு வரியில் படிக்கிறவர் ஓடிவிடுவார். தலைப்புக்கு மட்டும் இது. கீழே வரும் விவரத்துக்கு முக்தா மலர், கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் இதில் ஏதாவது ஒன்று. மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம்.

ஓசூரில் கடை. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வேண்டும். இதில் வருமா?

கிளிமூக்கில் தமிழும், தேவைக்கு ஆங்கிலமும் மட்டும்தான். தெலுங்கும் கன்னடமும் எனக்குப் பேச வரும், பிரஷ்ஷால் எழுத வராது. தெரியாத எழுத்தை வரைந்து அந்த மொழிக்காரரைச் சிரிக்க வைக்க விருப்பமில்லை.

உங்களுக்கு மூன்றும் ஒரே குடும்பச் சாயலில் வேண்டுமென்றால் பலூ எழுத்துருவைப் பாருங்கள். மும்பையின் ஏக் டைப் குழுவினர் வரைந்தது, தடித்தது, உருண்டு திரண்டது, இலவசம். அதில் தமிழுக்குப் பெயர் பலூ தம்பி, தெலுங்குக்கு பலூ தம்முடு, கன்னடத்துக்கு பலூ தம்மா. மூன்றுமே தம்பிதான். ஓசூர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துப் பெயர் வைத்தது போல இருக்கும். என் எழுத்துருவுக்குப் போட்டியைப் பரிந்துரைக்கிறேனே என்று பார்க்காதீர்கள், நல்ல வேலை நல்ல வேலைதான்.

அப்புறம், கடைப் பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற விகிதம் அரசு சொல்வது. பலகை செய்யும் முன்பே அளந்துகொள்ளுங்கள், பிறகு பிரித்து மாட்டுவது இரட்டைச் செலவு.

லாரியில் இருப்பது போல நிழல் விழ வேண்டும். எப்படி?

'கிளிமூக்கு நிழல்' என்று இரண்டாவது கோப்பு கூடவே இருக்கிறது. அதே சொல்லை அதில் அடித்து, அடியில் வைத்து, மேலே சாதாரணக் கிளிமூக்கை ஏற்றினால் போதும். இரண்டும் ஒரே அகலக் கணக்கு, பொருந்திவிடும். நிழல் இடப்பக்கம் கீழே விழும். எங்கள் மாஸ்டர் அப்படித்தான் போடுவார். மஞ்சள் எழுத்துக்குச் சிவப்பு நிழல், வெள்ளைக்கு நீலம். கறுப்பு நிழல் போட்டால் பெயிண்ட் மிச்சம், அழகும் மிச்சம் என்பார்.

தகரத்தில் வெட்டி ஸ்டென்சில் ஆக்கலாமா? மாங்காய்க் கிரேட்டில் மண்டிப் பெயர் அடிக்க வேண்டும்.

அப்படியே வெட்ட முடியாது. சுழிக்குள் இருக்கும் தகரத் துண்டு கழன்று விழுந்துவிடும். ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பாலம் விட வேண்டும். கிரேட் அளவுக்கு 4 மில்லிமீட்டர் பாலம் எனக்குச் சரியாக வந்தது. ண, ன, க, வ, ள உள்ள பெயர் என்றால் வேலை அதிகம். பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள் இங்கே கொடுத்துவைத்தவர்கள்: 'ரெ'யின் கொம்புச் சுழியைத் தவிர வேறெங்கும் பாலம் வேண்டாம்.

நடுகல் எழுத்தைப் பார்த்து வரைந்ததா? ஒரு சாயல் தெரிகிறதே.

தெரிந்தால் சந்தோஷம், ஆனால் இல்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் நிறைய. தருமபுரி அகழ்வைப்பகத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவற்றில் பழையவற்றில் இருப்பது வட்டெழுத்து. நம் இன்றைய எழுத்தின் நேர் தாத்தா அல்ல, வேறு கிளை. பார்த்து உரு எடுக்க முடியாது.

ஒன்று மட்டும் அங்கிருந்து எடுத்தேன் என்று சொல்லலாம். அந்தக் கல்லில் நடுவில் வீரன் நிற்பான், வில்லும் வாளுமாக. எழுத்து அவனுக்கு மிஞ்சிய இடத்தில் போகும். இடம் தீர்ந்தால் நெருக்கும், கிடைத்தால் பரப்பும். ஒடுங்கிய ம், ல், ர் வைக்கலாம் என்று தோன்றியது அங்கே ஒரு கல் முன்னால் நின்றபோதுதான்.

காசு கொடுக்க வேண்டுமா? நான் அடித்த பேனரை விற்கலாமா?

வேண்டாம். விற்கலாம். கிளிமூக்கு ஓ.எஃப்.எல். 1.1 என்ற திறந்த எழுத்துரு உரிமத்தில் இருக்கிறது. பேனர், டிஷர்ட், புத்தக அட்டை எதற்கும் பயன்படுத்தி, அதற்குக் காசு வாங்கலாம், என்னைக் கேட்க வேண்டாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. நீங்கள் திருத்தி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிடுங்கள், பெயரை மாற்றிவிடுங்கள். மல்கோவா, செந்தூரா, பங்கனப்பள்ளி எல்லாம் காலியாகத்தான் இருக்கின்றன.

மெலிந்த வடிவம் வருமா?

வராது. 1 அங்குலப் பிரஷ் ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

'ஒளவை' என்று அடித்தால் 'ஔ' சரியாக விழவில்லை. ள மிகப் பெரிதாக இருக்கிறது.

நீங்கள் அடித்தது ஔ அல்ல. 'ஒ' அடித்து, பக்கத்தில் 'ள' அடித்திருக்கிறீர்கள். அது 'ஒள', படித்தால் ஒ-ள-வை. அதியமான் ஊர் என்பதால் தருமபுரிப் பக்கம் ஔவை பெயரில் பலகைக்குக் குறைவில்லை, அதில் பாதியில் இந்தத் தப்பைப் பார்க்கலாம். ஔ என்பது ஒரே எழுத்து, தமிழ்99 விசைப்பலகையில் அதற்குத் தனி விசையே இருக்கிறது. அதை அடித்தால் உள்ளே இருக்கும் 'ள' முக்கால் உயரத்தில், 'ஒ'வின் தோளில் சாய்ந்தபடி வரும். அந்த ஒரு எழுத்தை ஒன்பது தடவை வரைந்தேன். ஒரு பலகையிலாவது சரியாக அடித்துப் பார்த்தால் படம் காட்டுங்கள்.